ஏரி ஜாபிதா: எல்லா ஊருக்கும் பொதுவானதும் ஓர் ஊருக்கே உரியதும்

செங்கற்பட்டு ஜில்லாவின் ஊடே பாலாறு ஓடி வாயலூருக்கு அருகில் கடலை அடைகிறதாயினும், ஜில்லாவின் நஞ்சைப் பயிர் பெரும்பாலும் ஏரித் தண்ணீரையும் கிணற்றையுமே நம்பியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் காஞ்சீபுரம் ஜில்லாவினின்றும் பிரிக்கப்பட்டுத் தனியாக அமைந்த இந்த ஜில்லாவில், நீர்வளத் துறையின் பராமரிப்பிலுள்ள ஏரிகள் மட்டும் 528 ஆகும். 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய சிறு ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் இவற்றுக்குப் புறம்பாக இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஓங்கிப் பெய்யும்பொழுது இவற்றுள் அநேகம் ஏரிகள் ஒரே வாரத்தில், சில வருஷங்களில் ஒரே இரவில், நிரம்பிவிடுகின்றன. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி காலை தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

அத்தகைய இரவில் எந்த அதிகாரியும் எல்லாக் கரைகளிலும் நிற்க இயலாது. கரையில் நிற்பவர் அந்தந்த ஊர் நீர்க்கட்டியும், பாசனதாரர்களும், கிராம நிர்வாக அலுவலருமே. அவர்கள் கையில் இருக்கவேண்டியது, பார்க்கவேண்டியவற்றை முறையே எழுதிய ஒரு ஜாபிதா. ஜாபிதா வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. அதை எப்படி எழுதுவது என்பதில்தான் தவறு நேருகிறது.

தவறு இரண்டு வகைப்படும். முதலாவது, தலைமை அலுவலகத்தில் ஒரே நமூனாவை அச்சிட்டு எல்லா ஏரிகளுக்கும் அனுப்புவது. எந்த ஏரியையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தால் அந்த நமூனா வருஷந்தோறும் நீண்டுகொண்டே போகும். இரும்புக் கதவு இல்லாத மதகுக்குக் கதவின் திருகுக்கு எண்ணெய் இட்டாயிற்றா என்ற கேள்வியும், கடலுக்குப் பத்து மைல் தள்ளியுள்ள ஏரிக்கு முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்ற கேள்வியும் வந்து சேரும். தமக்குச் சம்பந்தமில்லாத பத்துக் கேள்விகளுக்கு ‘இல்லை’ என்று எழுதிப் பழகிய கை, பதினோராவது கேள்விக்கும் பாராமலே எழுதிவிடும். அந்தப் பதினோராவது கேள்வி கரையின் வெளிச்சரிவில் கசிவு உண்டா என்பதாக இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிரானது. ஒவ்வோர் ஊரும் தன் வழக்கப்படி, தன் சொல்லில், தன் வரிசையில் எழுதிக்கொள்வது. ஊராருக்கு இது வசதியாகவே இருக்கும். ஆனால் ஓர் ஊர் கலங்கல் என்பதை மற்றோர் ஊர் கடைவாய் என்றும், ஓர் ஊர் நீரை முழத்தாலும் மற்றோர் ஊர் அடியாலும் குறித்தால், தாலுகாவில் இருப்பவர் எந்த ஏரிக்கு முதலில் மண்மூட்டை அனுப்புவது என்று தீர்மானிக்க முடியாது. ஓர் ஊர் அனுபவத்தில் கற்றது அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்வதும் இல்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அது புதிதன்று, கிராமக் கணக்கை அறிந்தவர்கள் தினமும் கையாளுவதே. இரண்டாம் நம்பர் கணக்காகிய அடங்கலை எடுத்துக்கொள்ளலாம். அதன் பத்திகள் எல்லாக் கிராமத்திலும் ஒன்றே. வரிகளில் வரும் சர்வே நம்பர்களோ அந்தக் கிராமத்துக்கே உரியவை. திருக்கழுக்குன்றத்தில் எழுதிய அடங்கலைச் செய்யூரில் இருப்பவர் தயங்காமல் படிக்கலாம். ஆயினும் ஒன்றை மற்றொன்றுக்குப் பதிலாக வைத்துக்கொள்ள முடியாது. ஏரி ஜாபிதாவும் இவ்வாறே இருக்கவேண்டும். கேள்வி பொது, அதற்குரிய அளவு ஊருடையது. ‘கலங்கலின்மேல் நீர் எத்தனை அங்குலம் பாய்கிறது?’ என்பது எல்லா ஏரிக்கும் ஒரே சொல்லில், ஒரே இடத்தில் இருக்கட்டும். எத்தனை அங்குலம் பாய்ந்தால் தண்டோரா போடவேண்டும் என்பது அவ்வூர்த் தாளில் இருக்கவேண்டியது.

நூற்றாண்டுக்கு முன்னரே இம்முறையை நம் ஏரிகளில் கையாண்டிருக்கிறார்கள். 1883-ஆம் ஆண்டு சென்னை அரசாங்கம் ஏரிகளைச் சீர்ப்படுத்தும் திட்டமொன்றைத் தொடங்கியபொழுது, அளவைக் கோஷ்டிகள் ஏரி ஏரியாகச் சென்று ஒவ்வொன்றுக்கும் ‘மெமாயர்’ என்னும் தனிக் குறிப்பேடு தயாரித்தன. நீர்ப்பிடிப்பின் பரப்பு, கரையின் நீளமும் மட்டமும், மதகுகளின் எண்ணிக்கையும் அளவும், கலங்கலின் நீளம், நிறைமட்டம், ஆயக்கட்டு ஆகியவை அதில் உண்டு. தலைப்புகள் எங்கும் ஒரே மாதிரி. எண்கள் அந்தந்த ஏரிக்கு உரியவை. இன்றும் ஓர் ஏரியின் நிறைமட்டம் எது என்ற வழக்கு எழுந்தால் பழைய குறிப்பேட்டைத் தேடிச் செல்வது வழக்கம்.

அதற்கும் முன்னே, இன்று காஞ்சீபுரம் ஜில்லாவிலுள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைப் பார்த்தாலும் இந்தப் பாகுபாடு தெரிகிறது. வாரியத்துக்கு வருபவரின் தகுதியும், குடவோலை முறையும், 360 நாள் தவணையும் பொதுவாக எழுதப்பட்டன. ஏரி வாரியத்துக்கு அறுவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர் என்று ஆள்தொகை மட்டும் தனித்தனியே வகுக்கப்பட்டது.

பொது விதியும் ஊர் எண்ணும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்குகின்றன என்பதற்குக் கரையின் அளவு நல்ல உதாரணம். தென்னிந்திய ஏரிக்கரைகளுக்குப் பொறியியல் நூல்கள் ஒரு வாய்ப்பாடு தருகின்றன. நீரின் ஆழம் 5 முதல் 10 அடி வரை இருந்தால் வெள்ள மட்டத்துக்கு மேல் 3 அடிக் கரை மிஞ்சி நிற்கவேண்டும். கரைத்தலையின் அகலம் 4 அடி இருக்கவேண்டும். ஆழம் 10 முதல் 15 அடியானால் 4 அடியும் 5 அடியும், 15 முதல் 20 அடியானால் 5 அடியும் 6 அடியும், 20 அடிக்கு மேற்பட்டால் 6 அடியும் 9 அடியும் ஆகும். இந்த வாய்ப்பாட்டை எந்த ஊரும் தன் மனம்போல மாற்றக்கூடாது. ஆனால் ‘நம் ஏரியின் ஆழம் இத்தனை, ஆகையால் கரை இவ்வளவு மிஞ்சவேண்டும், தெற்கு மதகுக்கு அருகே வண்டித்தடம் விழுந்து அது இவ்வளவு குறைந்திருக்கிறது’ என்று எழுதும் தாள் அந்த ஊரில்தான் உண்டாகவேண்டும். வாய்ப்பாட்டை மட்டும் வைத்திருப்பவருக்குத் தம் ஏரி தெரியாது. வண்டித்தடத்தை மட்டும் அறிந்தவருக்கு அது அபாயமா அன்றா என்பது தெரியாது.

கலங்கல் விஷயத்தில் இது இன்னும் கவனிக்கத்தக்கது. ஏனெனில் குடியானவரின் லாபமும் ஊரின் பத்திரமும் அங்கேதான் எதிரெதிராக நிற்கின்றன. பழைய கலங்கல்கள் அநேகத்தில் மேற்கட்டின்மீது வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருப்பதைக் காணலாம். மழைக்காலம் தீர்ந்தபின் அக்கற்களின் இடையே பலகையோ களிமண்ணும் புல்லுமோ வைத்து அடைத்து, சில அங்குலம் தண்ணீரை மிகுதியாக நிறுத்தி நவரைக்கு உதவச் செய்வதே அவற்றின் நோக்கம். அடைக்கும் காலம் தவறினால் அதுவே உடைப்புக்குக் காரணமாகிறது. ஐப்பசியில் ஏரி நிரம்பியதும், இன்னும் ஒரு மாதம் மழை இருக்கிறதென்பதை மறந்து அடைத்துவிடுவோர் உண்டு. உள்வாயில் பட்டா உடையவர் நிலம் முழுகுகிறதென்று அடைப்பைப் பிடுங்குவதும், ஆயக்கட்டுதாரர் இரவில் மறுபடி அடைப்பதும் பல ஊர்களில் தெரிந்த கதை.

இதில் கணக்கு இருக்கிறது. கலங்கலின்மேல் நீர் ஓர் அடி உயரம் பாயும்பொழுது, கலங்கலின் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் வினாடிக்குச் சுமார் 3 கன அடி வெளியேறும். இரண்டு அடி உயரம் பாய்ந்தால் 6 அன்று, ஏறக்குறைய 8½ கன அடி வெளியேறும். ஆகவே 60 அடி நீளமுள்ள கலங்கல், ஓர் அடியில் 180 கன அடியும் இரண்டு அடியில் 500 கன அடிக்கு மேலும் தள்ளும். அடைப்பினால் அரை அடியை இழந்த கலங்கல், அதே வெள்ளத்தைத் தள்ளுவதற்கு ஏரி நீரை அரை அடி மேலே ஏற்றும். அந்த அரை அடி கரையின் மிச்சத்திலிருந்துதான் கழிகிறது. ‘கலங்கல் அடைப்பின்றித் திறந்திருக்கிறதா?’ என்று பொது ஜாபிதாவில் ஒரு வரி போதும். குத்துக்கற்கள் எத்தனை, அடைப்பு வைக்க அனுமதி எந்தத் தேதிக்குப்பின், வைப்பவர் யார், இரவில் எடுப்பவர் யார் என்பவை ஊர் ஜாபிதாவில் பெயரோடு இருக்கவேண்டும். தேதியைப் பொதுவில் எழுதினால் மேட்டு ஏரிக்குச் சரியானது பள்ள ஏரிக்குத் தீங்காகலாம்.

இனி மாமல்லபுரக் கரையோர ஏரிகளைக் கவனிப்போம். உள்நாட்டு ஜாபிதாவை அப்படியே அங்கே எடுத்துச் சென்றால் எவ்வளவு குறையுறும் என்பது எளிதில் விளங்கும். தையூர், மானாம்பதி, சிறுதாவூர் முதலிய ஏரிகளின் மிகுநீர் கடலை நோக்கிச் செல்ல வழியில் பக்கிங்காம் கால்வாய் குறுக்கே கிடக்கிறது. 1806-ல் சென்னைக்கு வடக்கே சிறு கால்வாயாகத் தொடங்கிய அது, 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக விரிவுபெற்றுத் தெற்கே மரக்காணம் வரை நீள்வது. கால்வாய்க்கும் கடலுக்கும் இடையே மணல்மேடு. நீர் வெளியேறுவதற்குள்ள வாயில் கோவளம் போன்ற முகத்துவாரங்களே. கோடையில் அலை மணலை ஒதுக்கி முகத்துவாரத்தை மூடிவிடும். மூடிய வாயோடு கார்த்திகை வெள்ளம் வந்தால், ஏரியின் கலங்கல் எவ்வளவு சீராக இருந்தாலும் அதற்குக் கீழேயுள்ள நீர் பின்னுக்கு எழும்பி வயலில் நிற்கும். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் இது அதிகம். 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகில்தான் கரையைக் கடந்தது. அத்தகைய நாளில் கரையோர ஊரின் தாளில் முதல் வரி மதகன்று, முகத்துவாரம்.

ஆகவே கரையோர ஊர்களின் ஜாபிதாவில் முகத்துவாரத்தின் நிலை, கால்வாயில் ஆகாயத்தாமரையின் அடைசல், ஓத நாட்கள், உவர்நீர் ஏறும் வயல்களின் சர்வே நம்பர்கள் ஆகியவை இருக்கவேண்டும். இவற்றை மதுராந்தகத்துக்கு அனுப்புவதில் பயன் இல்லை. மதுராந்தகம் ஏரியின் மிகுநீர் கிளியாற்றில் விழுந்து பாலாற்றைச் சேர்வது. அங்கே பார்க்கவேண்டியது கிளியாற்றின் இரு மருங்கிலும் தாழ்ந்துள்ள ஊர்களுக்குச் செய்தி போயிற்றா என்பது. அவ்வேரியின் கரையில் ராமர் கோயில் கொண்டு ‘ஏரி காத்த ராமர்’ என்று பெயர் பெற்றிருப்பதும், 1790-களில் கலெக்டராயிருந்த லயனல் பிளேசு துரையைப் பற்றி வழங்கும் கதையும், அந்தக் கரைக்கு ஊரார் எத்தனை தலைமுறையாக அஞ்சி வந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும். மறுபுறம், உள்நாட்டு ஊர்கள் கரையோரத்தாரிடம் பெற்றுக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. உடைப்பை அடைக்க முதலில் வேண்டுவது கழிகள். கரையோர மணலில் சவுக்கு எங்கும் கிடைக்கும். உள்ளூர்களிலோ அதைத் தேடி வாங்கி முன்கூட்டி அடுக்கி வைக்கவேண்டும். ‘கழியும் சாக்கும் எங்கே, யார் பொறுப்பில்?’ என்பது பொதுக் கேள்வி.

பொது ஜாபிதாவுக்கும் ஊர் ஜாபிதாவுக்கும் அடங்காத மூன்றாவது ஒன்று உண்டு. இந்த ஜில்லாவின் ஏரிகள் தனித்தனியாக இருப்பவை அல்ல. மேல் ஏரியின் போக்குக்கால் கீழ் ஏரியின் வரவுக்கால் ஆகிறது. மேல் ஏரி உடைந்தால், தன் சொந்த மழையைத் தாங்கியிருக்கக்கூடிய கீழ் ஏரியும் அந்தத் திடீர் வெள்ளத்தால் உடையும். அதன் கீழுள்ளதும் அவ்வாறே. மேல் ஏரி ஒன்றியத்தையும் கீழ் ஏரி நீர்வளத் துறையையும் சேர்ந்தவையாக இருப்பது சாதாரணம். அப்பொழுது இரண்டு அலுவலகங்களின் ஜாபிதாவும் குறைவின்றி நிரப்பப்பட்டிருந்தும், இரண்டு ஏரிகளுக்கும் நடுவிலுள்ள கால் யாருடைய ஜாபிதாவிலும் இல்லாமல் விடுபட்டுப்போகும். இதற்கு இரண்டு ஊரும் சேர்ந்து ஒரு சிறு தாள் எழுதி, ஒரே எழுத்தாக இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்வது நலம். நான்கு வரிக்கு மேல் அதில் வேண்டியதில்லை. மேற்கலங்கலில் எத்தனை அங்குலம் ஏறினால் கீழூருக்குச் சொல்லவேண்டும், சொல்லுபவர் யார், கேட்டுக்கொள்ளுபவர் யார், தொலைபேசி வேலை செய்யாவிடில் ஆள் எந்த வழியே போகவேண்டும் என்பவையே அந்நான்கும். புயல் இரவில் தொலைபேசியும் மின்சாரமும் சேர்ந்தே போய்விடுவது கண்கூடு. ஆகையால் நான்காவது வரியை அலட்சியம் செய்யலாகாது.

ஜாபிதாவைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு என்பதிலும் தெளிவு வேண்டும். பொது ஜாபிதாவைக் கிராமத்தில் திருத்தக்கூடாது. குறை கண்டால் எழுதி அனுப்பலாம். ஊர் ஜாபிதாவை மேலிருந்து திருத்தக்கூடாது. சந்தேகம் இருந்தால் நேரில் வந்து கரையில் நடந்து கேட்கலாம். 2000-ஆம் ஆண்டின் பாசன முறை நிர்வாகச் சட்டத்தின்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைந்துள்ள இடங்களில், ஊர்த் தாளைச் சங்கமும் கிராம நிர்வாக அலுவலரும் சேர்ந்து கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது பொருத்தம்.

ஓர் ஏரியில் புதிதாக ஒரு குறை தென்பட்டால் அதை எந்தத் தாளில் சேர்ப்பது என்ற கேள்வி எழும். நண்டுவளையால் கரை கசிந்தது என்று வைத்துக்கொள்வோம். மண்கரை எங்கும் நண்டும் எலியும் உண்டு; ஆகையால் ‘வளைகள் வெட்டி அடைக்கப்பட்டனவா?’ என்பது பொதுவுக்குப் போகட்டும். ஆனால் கசிவு நேர்ந்தது கரை பாறையோடு சேரும் மூட்டில் என்றால், பாறைமூட்டு இல்லாத ஏரிகளுக்கு அதனால் பயன் இல்லை. அது அந்த ஊர்த் தாளிலேயே நிற்கட்டும். ஒரு விபத்துக்குப் பிறகு ஏற்படும் பதற்றத்தில் எல்லாவற்றையும் பொதுவில் சேர்க்க ஆசை எழும். அதனாலேயே பொது ஜாபிதா கொழுத்துப் பயனற்றதாகிறது. புதிய வரி ஒன்று சேரும்பொழுது, பழைய வரி ஒன்றை எடுக்கமுடியுமா என்றும் பார்க்கவேண்டும். கையில் பிடித்த விளக்கொளியில், நனைந்த தாளில், ஒரு பக்கத்துக்குள் படித்து முடிக்கக்கூடியதே மழையிரவுக்கு உதவும்.

விடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘சரி’ என்ற விடை கூடுமானவரை இருக்கக்கூடாது. ‘மதகு சரி’ என்பதைவிட ‘மதகுக் கதவு 4 அங்குலம் தூக்கி இறக்கப்பட்டது’ என்பது நம்பத்தக்கது. எழுதியவர் அங்கே போனார் என்பதற்கு அதுவே அத்தாட்சி. கரை ஓரத்தில் நடப்பட்ட மட்டக்கல்லில் எந்தக் கோடு வரை நீர் நிற்கிறது என்று எண்ணாகவே குறிக்கவேண்டும். மட்டக்கல் இல்லாத ஏரிகளில் அதை நடுவதே முதல் வேலை.

இவற்றையெல்லாம் இப்பொழுது எழுதி வைக்கவேண்டியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1980-ஆம் ஆண்டு பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் நீக்கப்பட்டன. அதற்கு முன்பு கர்ணத்துக்கும் நீர்க்கட்டிக்கும் ஏரியின் குணம் வாய்மொழியாகத் தெரிந்திருந்தது. எந்த மூலையில் அலை மோதும், எந்த ஆண்டில் எங்கே வெட்டி விடப்பட்டது என்பது அவர்கள் வீட்டுச் செய்தி. இன்றைய கிராம நிர்வாக அலுவலர் மாற்றலுக்கு உட்பட்டவர். ஆவணியில் வந்து சேர்ந்தவர் ஐப்பசியில் கரையில் நிற்கவேண்டியிருக்கும். பொது ஜாபிதாவை அவர் முன்னிருந்த ஊரிலேயே அறிந்திருப்பார். ஊர்த் தாளை மட்டும் படித்துக்கொண்டால் போதும். இந்தப் பாகுபாட்டினால் உண்டாகும் பெரும் நன்மை இதுவே. இரண்டும் ஒன்றாகக் கலந்திருந்தால் அவர் ஒவ்வோர் ஊரிலும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

பல ஊர்களில் நிலம் உடைய பட்டாதாரர்களுக்கும் இம்முறை பயன்படும். ஏரிப் பாசனத்தில் ஐந்து ஏக்கர் நெல்லும், பாலாற்றங்கரையில் கிணற்றுப் பாசனத்தில் கரும்பும், கரையோரத்தில் சவுக்கும் வேர்க்கடலையும் வைத்திருப்பவர், மூன்று இடத்துக் காரியஸ்தர்களுக்கும் கொடுக்கும் தாளில் முதற்பக்கம் ஒன்றாக இருக்கட்டும்: ஆள் கூலி, விதையிருப்பு, உரம் வந்த தேதி, நோய் கண்ட தேதி. இரண்டாம் பக்கம் தனியாக இருக்கட்டும். நெல்லுக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய பட்டங்களும் மதகு முறையும். கிணற்றுக்கு நீர்மட்டமும் மோட்டாரும். கடலோரத்துக்கு உவரும் காற்றும். சவுக்குக்கு மதகு முறை எழுதிக் கேட்டால் காரியஸ்தர் எதையாவது எழுதித்தான் அனுப்புவார்.

ஊர்த் தாளை ஆண்டுக்கு ஒரு முறை, ஆனியில், கரை காய்ந்து புதர் குறைந்திருக்கும்பொழுது, கரை நெடுக நடந்து திருத்துவது தக்கது. வேலிக்காத்தான் மண்டிய இடங்களை அப்பொழுதே குறித்துக்கொண்டால் புரட்டாசிக்குள் வெட்டிவிடலாம். நீர்க்கட்டியும், முதல் மதகு பாசனதாரர் ஒருவரும், கடைமடைப் பாசனதாரர் ஒருவரும் உடன் நடக்கவேண்டும். கடைமடையாரை விட்டுவிடும் ஊர்களே அதிகம். திருத்திய தாளில் தேதியிட்டு, ஒரு பிரதியைக் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்திலும், ஒன்றைக் கீழூருக்கும், ஒன்றை மதகுக்கு அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளிக்கூடச் சுவரிலும் வைக்கலாம். பழைய தாளைக் கிழித்துவிடாமல் பசலி வரிசையில் கட்டி வைத்தால், எந்த ஆண்டில் எந்த வரி, எதற்காகச் சேர்ந்தது என்பது அடுத்து வருபவருக்குத் தெரியும்.